நியூ ஜெர்சி ஓட்டையும் ஐடஹோ ஓட்டையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் அமெரிக்க அதிபர் வேட்பாளரைக் கட்சிகள் தேர்ந்தெடுக்கும் விதம் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். படமெல்லாம் அழகாக இருந்தது. ஆனால் அதில் ஒரு வரி எனக்கு ஒப்பவில்லை. 2008இல் ஜனநாயகக் கட்சிக்குள் அதிக ஓட்டு வாங்கியவர் ஹிலாரி கிளிண்டன், கட்சிப் பெரியவர்கள் சேர்ந்து பதவியைத் தூக்கி ஒபாமாவுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று தீர்ப்பே எழுதிவிட்டீர்கள். இங்கே காரைக்குடியில் அதைப் படித்த நாலு பேர் ‘பாத்தீங்களா, அங்கேயும் நம்ம கதைதான்’ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கதை அப்படி இல்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. இடம் போதவில்லை என்றால் என் பேச்சை வெட்டிக்கொள்ளுங்கள், எண்களை வெட்டாதீர்கள்.

முதலில் அடிப்படை. அமெரிக்காவில் கட்சி வேட்பாளருக்கு மக்கள் போடும் ஓட்டு நேராக வேட்பாளர் கணக்கில் சேர்வதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் கட்சி இத்தனை பிரதிநிதிகள் என்று ஒதுக்குகிறது, அந்த மாநிலத்து ஓட்டைப் பார்த்து அந்தப் பிரதிநிதிகளை வேட்பாளர்களுக்குப் பங்கு வைக்கிறது, அவர்கள் மாநாட்டுக்குப் போய் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓட்டு எடுப்பதிலும் இரண்டு வகை. சில மாநிலங்களில் பிரைமரி, அதாவது நாம் போடுவது மாதிரி காலையிலிருந்து மாலை வரை வரிசையில் நின்று போட்டுவிட்டு வரலாம். சில மாநிலங்களில் காக்கஸ், அதாவது குறித்த நேரத்தில் ஒரு பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோ கூடி, மணிக்கணக்கில் உட்கார்ந்து, யார் யார் பக்கம் என்று பிரிந்து நின்று எண்ணுவது. இரவு ஷிப்ட்டுக்குப் போகிறவரும் கைக்குழந்தைக்காரியும் காக்கஸுக்கு எங்கே போவது? அதனால் அங்கே வருகிற கூட்டமே சின்னது.

இப்போது 2008 பிப்ரவரி 5ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் போட்டி நடந்தது. நியூ ஜெர்சியில் பிரைமரி, ஏறத்தாழ 11 லட்சத்து 40 ஆயிரம் பேர் ஓட்டுப் போட்டார்கள். ஹிலாரி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பிரதிநிதிகள் கணக்கில் ஹிலாரிக்கு 59, ஒபாமாவுக்கு 48. லாபம் 11. அதே நாள் ஐடஹோவில் காக்கஸ், வந்தவர்கள் மாநிலம் முழுக்கச் சுமார் 21 ஆயிரம் பேர்தான். ஒபாமா 13 ஆயிரம் ஓட்டு அதிகம் வாங்கினார். பிரதிநிதிகள் ஒபாமாவுக்கு 15, ஹிலாரிக்கு 3. லாபம் 12. ஒரு லட்சத்துக்கு 11, பதின்மூன்றாயிரத்துக்கு 12. எங்கள் அக்கா மகள் நியூ ஜெர்சியில்தான் இருக்கிறாள், அன்று ஹிலாரிக்கு ஓட்டுப் போட்டவள். ‘அம்மான், ஐடஹோவுல ஒருத்தருக்கு இருக்கிற மதிப்பு இங்க ஒன்பது பேருக்குச் சேர்ந்துதான் இருக்கு’ என்று இன்றைக்கும் சொல்வாள். வந்தவர்களையும் பிரதிநிதிகளையும் வகுத்துப் பார்த்தேன், அவள் சொல்வது சரிதான்.

அப்படியென்றால் எல்லா மாநில ஓட்டையும் கூட்டிப் பார்த்து, யாருக்கு அதிகமோ அவருக்கே கொடுத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். உங்கள் கட்டுரையாளருக்கும் அதுதான் தோன்றியிருக்கிறது. இங்கேதான் சிக்கல். எதையெல்லாம் கூட்டுவது?

மிச்சிகனைக் கூட்டலாமா? அந்த மாநிலம் கட்சி விதித்த நாளுக்கு முன்பாகவே, ஜனவரி 15ஆம் தேதியே, ஓட்டெடுப்பை வைத்துக்கொண்டது. ஃபுளோரிடாவும் அதே மாதிரி ஜனவரி 29ஆம் தேதி வைத்தது. பிப்ரவரி 5க்கு முன்னால் வைக்க அனுமதி நாலு மாநிலங்களுக்குத்தான், மீறினால் உங்கள் பிரதிநிதிகளே கணக்கில் வரமாட்டார்கள் என்று கட்சியின் விதிக் குழு 2007லேயே சொல்லிவிட்டது. அதை நம்பி ஒபாமா மிச்சிகன் ஓட்டுச்சீட்டிலிருந்து தன் பெயரையே எடுத்துவிட்டார். ஹிலாரி எடுக்கவில்லை. அந்த ஓட்டெடுப்பு எதற்கும் கணக்கில் வரப்போவதில்லை என்று 2007இல் வானொலிப் பேட்டி ஒன்றில் அவரே சொன்னார். கடைசியில் ஹிலாரிக்கு 3 லட்சத்து 28 ஆயிரம் ஓட்டு, ‘யாருக்கும் இல்லை’ என்ற கட்டத்தில் 2 லட்சத்து 38 ஆயிரம் ஓட்டு. ஒபாமாவுக்குப் பூஜ்யம், ஏனென்றால் சீட்டில் ஆளே இல்லை. ஹிலாரி முன்னால் என்று காட்டும் கூட்டல் எல்லாவற்றிலும் இந்த மிச்சிகன் ஓட்டு இருக்கிறது, எதிரே அந்தப் பூஜ்யமும் இருக்கிறது. மிச்சிகனை எடுத்துவிட்டால் ஒபாமா முன்னால். இருவருமே ஒன்றே முக்கால் கோடி ஓட்டு பக்கம் வாங்கியவர்கள். அத்தனை பெரிய எண்ணில் யார் பெரியவர் என்பதை ஒரு மாநிலத்தைச் சேர்ப்பதா விடுவதா என்பதே தீர்மானிக்கிறது என்றால், அந்தக் கூட்டலை வைத்துக்கொண்டு ‘மக்கள் தீர்ப்பு’ என்று எழுதலாமா?

இத்தோடு போகவில்லை. அயோவா, நெவாடா, மெய்ன், வாஷிங்டன் இந்த நாலு மாநிலங்களிலும் காக்கஸில் யாருக்கு எத்தனை தலை என்ற எண்ணிக்கையே அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. அடுத்த கட்டத்துக்குப் போகும் பிரதிநிதிகளின் விகிதத்தைத்தான் சொன்னார்கள். அப்போது பத்திரிகைகள் போட்டதெல்லாம் மதிப்பீடு. மதிப்பீட்டையும் நிஜ ஓட்டையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டினால் வருவதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் இன்னொன்று, போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் ஆட்சிப் பகுதி, மாநிலம் இல்லை; பிரைமரியில் ஓட்டுப்போடும் அந்த மக்களுக்கு நவம்பர் அதிபர் தேர்தலில் ஓட்டே கிடையாது. ஜூன் 1ஆம் தேதி அங்கே ஹிலாரி மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கினார். அதையும் சேர்த்தால்தான் அவருடைய கூட்டல் கொஞ்சம் உசரும்.

வாஷிங்டன் மாநிலக் கதை இதைவிட வேடிக்கை. அங்கே பிப்ரவரி 9ஆம் தேதி காக்கஸ் நடந்தது, ஒபாமா 68, ஹிலாரி 31 சதவீதம். பத்தே நாள் கழித்துப் பிப்ரவரி 19ஆம் தேதி அதே மாநிலத்தில் பிரைமரியும் நடந்தது. ஜனநாயகக் கட்சிப் பக்கம் ஏழு லட்சம் பேருக்குக் கிட்டத்தட்ட வந்து ஓட்டுப் போட்டார்கள். ஒபாமா 51, ஹிலாரி 46. ஆனால் அந்த ஏழு லட்சம் ஓட்டுக்கு ஒரு பிரதிநிதிகூடக் கிடையாது, கட்சி காக்கஸ் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டது. காக்கஸில் ஒபாமாவுக்குக் கிடைத்த பெரிய பெரிய வெற்றிகள் அவ்வளவு பெரியவை அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இது ஹிலாரி தரப்புக்குச் சாதகமான செய்தி, நான் மறைக்கவில்லை. அதே சமயம், காக்கஸ் மாநிலங்களில் கூட்டம் குறைவு என்பதால் மொத்த ஓட்டைக் கூட்டும்போது அந்த மாநிலத்து ஒபாமா ஆதரவாளர்கள் பாதிப் பேர் கணக்கிலேயே வராமல் போகிறார்கள். ஆக, பிரதிநிதிக் கணக்கு ஒரு பக்கம் கோணல், கூட்டல் கணக்கு மறுபக்கம் கோணல்.

எங்கள் நகரத்தார் பக்கத்தில் கோயில் காரியம் என்றால் தலையை எண்ண மாட்டார்கள், புள்ளியைத்தான் எண்ணுவார்கள். கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. வீட்டில் ஏழு பிள்ளைகள் இருந்தாலும் அப்பச்சியும் ஆத்தாவும் சேர்ந்து ஒரு புள்ளிதான்; மகனுக்குக் கல்யாணம் ஆனால் அன்றைக்கு அவன் தனிப் புள்ளி. வரி போடுவதும் கணக்கு முடிப்பதும் அந்த எண்ணிக்கையில்தான். இது நியாயமான எண்ணிக்கையா என்று கேட்டால், என் வீட்டு ஆச்சிமாரே ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆனால் புள்ளிக் கணக்கில் வரியைப் பிரித்துக் காரியத்தை முடித்த பிறகு, ‘எங்க வீட்ல ஆள் கூட, தலைக் கணக்குல பாத்தா பெரிய பங்கு எங்களுக்குத்தான்’ என்று ஒருத்தர் எழுந்து நின்றால் அவருக்கு என்ன பதில் கிடைக்கும் என்று இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அளவை மாற்ற வேண்டும் என்றால் அடுத்த வருஷக் கூட்டத்தில் மாற்றலாம், தாராளமாக.

ஹிலாரி தரப்பு 2008இல் செய்தது நடுவில் அளவை மாற்றச் சொன்னதுதான். மே 31ஆம் தேதி விதிக் குழு கூடியது. ஃபுளோரிடா, மிச்சிகன் இரண்டு மாநிலப் பிரதிநிதிகளையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஆளுக்கு அரை ஓட்டு என்று முடிவானது. மிச்சிகனில் ஹிலாரிக்கு 69, ஒபாமாவுக்கு 59 என்று பிரித்தார்கள். ஓட்டு எண்ணிக்கைப்படி ஹிலாரிக்கு 73 வந்திருக்க வேண்டும் என்பது அவர் தரப்பு வாதம். அந்த நாலு பேருக்காக ஹிலாரியின் ஆலோசகர் ஹரால்ட் இக்கஸ் குழுவிலேயே கொதித்தார். அவர் அந்த விதிக் குழுவின் உறுப்பினர், 2007இல் அந்த இரண்டு மாநிலங்களுக்கும் பிரதிநிதிகளே கிடையாது என்று ஓட்டுப் போட்டவர்களில் அவரும் ஒருவர்! இதைச் சொல்வதால் நான் ஒபாமா பக்கம் என்று நினைக்க வேண்டாம். பெயர் இல்லாத ஒருவருக்கு ‘யாருக்கும் இல்லை’ ஓட்டை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்து, மேலே நாலையும் சேர்த்துக் கொடுத்ததும் எந்தக் கணக்கிலும் அடங்காத காரியம்தான். பஞ்சாயத்து பேசி முடித்தார்கள், அவ்வளவுதான்.

சரி, பிரதிநிதிகளைப் பங்கு வைப்பதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது, உங்கள் கட்டுரையில் அதைத் தொடவே இல்லை. ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதத்துக்கு மேல் வாங்கியவர்களுக்கு விகிதப்படி பங்கு. அதுவும் மாநிலம் மொத்தத்துக்கு ஒரு பகுதி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பகுதி. ஒரு தொகுதிக்கு நாலு பிரதிநிதிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 60 சதவீதம் வாங்கி அமோகமாக ஜெயித்தாலும் 2-2 என்றுதான் பிரியும். மூன்றாவது ஆள் கிடைக்க 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். பக்கத்துத் தொகுதிக்கு மூன்று பிரதிநிதிகள் என்றால் 51 சதவீதமே போதும், 2-1. ஆகவே நாலு ஆள் தொகுதியில் 60 வாங்கியவருக்கு லாபம் ஒன்றுமில்லை, மூன்று ஆள் தொகுதியில் 51 வாங்கியவருக்கு ஓர் ஆள் லாபம். ஒபாமா பக்கம் இருந்தவர்கள் இந்த விதிப்புத்தகத்தை வரி வரியாகப் படித்திருந்தார்கள், ஒற்றைப்படைத் தொகுதி எங்கே இருக்கிறதோ அங்கே ஆளையும் பணத்தையும் இறக்கினார்கள். நெவாடாவில் ஹிலாரி 51, ஒபாமா 45 என்று செய்தி வந்தது, பிரதிநிதிகள் ஒபாமாவுக்கு 13, ஹிலாரிக்கு 12. டெக்சஸில் பகலில் பிரைமரி, அதே இரவில் காக்கஸ், இரண்டுக்கும் தனித்தனிப் பங்கு. பிரைமரியில் ஹிலாரி ஜெயித்து 65-61 வாங்கினார், காக்கஸில் ஒபாமா 38-29. கூட்டினால் டெக்சஸில் ‘தோற்ற’ ஒபாமாவுக்கு 99, ‘ஜெயித்த’ ஹிலாரிக்கு 94. தொலைக்காட்சி அன்றிரவு ஹிலாரி டெக்சஸை வென்றார் என்றுதான் சொன்னது.

இது மோசடி இல்லை, ஆனால் ஓட்டுப் போட்ட சாதாரண மனிதனுக்குப் புரியாத கணக்கு. புரியாத கணக்கில் தோற்றவன் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பான். அதில் எனக்கு ஹிலாரிக்கு ஓட்டுப் போட்டவர்கள் மேல் பரிவுதான்.

குடியரசுக் கட்சியின் வழி வேறு. அங்கே பல மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே முழுசும். 2008 ஃபுளோரிடாவில் மெக்கெய்ன் 36 சதவீதம் வாங்கி 57 பிரதிநிதிகளையும் அள்ளினார். 2016 சவுத் கரோலினாவில் டிரம்ப் 32.5 சதவீதம், பிரதிநிதிகள் 50க்கு 50. ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்று சொன்னவருக்கு முழுசும் போனது. கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, ஒஹாயோ, பென்சில்வேனியா எல்லாம் ஹிலாரி ஜெயித்த மாநிலங்கள், அவருக்கு இந்த விதி கிடைத்திருந்தால் 2008 கதையே வேறாகியிருக்கலாம்.

இனி கட்சிப் பெரியவர்கள் விஷயம். சூப்பர் டெலிகேட் என்று சொல்லப்படும் எம்.பி.க்கள், கவர்னர்கள், கட்சி நிர்வாகிகள் 2008இல் எண்ணூறு பேர் அளவுக்கு இருந்தார்கள். அவர்கள் யாருடைய ஓட்டுக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல. போட்டி தொடங்கியபோது அவர்களில் பெரும்பகுதி யார் பக்கம் என்று நினைக்கிறீர்கள்? ஹிலாரி பக்கம். ஒபாமா மாநிலம் மாநிலமாகப் பிரதிநிதிகளில் முன்னேறிய பிறகுதான் அவர்கள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் நகர்ந்தார்கள். கடைசியில் வேட்பாளராக 2,118 பிரதிநிதி ஓட்டு தேவை, இருவருமே பெரியவர்கள் தயவு இல்லாமல் அதைத் தொட முடியாத நிலை. மக்கள் ஓட்டில் வந்த பிரதிநிதிகளில் ஒபாமா நூற்றுக்கு மேல் முன்னால் இருந்தார். பெரியவர்கள் அந்த முன்னிலையை உறுதிசெய்தார்கள், ஜூன் 3ஆம் தேதி எண்ணைத் தாண்டினார். பெரியவர்கள் கவிழ்க்க வேண்டும் என்று கேட்டது ஹிலாரி தரப்புத்தான். எட்டு வருஷம் கழித்து, கட்சிக்குள் ஹிலாரியை எதிர்த்து நின்ற பெர்னி சாண்டர்ஸ் அதையே செய்தார். 2016 முழுக்க சூப்பர் டெலிகேட் முறை அநியாயம் என்று பேசியவர், ஹிலாரி ஏறத்தாழ 1 கோடியே 69 லட்சம், தான் 1 கோடியே 32 லட்சம் என்று பின்தங்கி நின்றபோது, அதே சூப்பர் டெலிகேட்டுகளைத் தன் பக்கம் வரச் சொன்னார். 2020 பிப்ரவரியில் நெவாடா விவாத மேடையில் யாருக்கும் பிரதிநிதிகளில் பாதி கிடைக்காவிட்டால் அதிகம் வாங்கியவருக்கே கொடுக்க வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்று சொன்னது சாண்டர்ஸ் ஒருவர்தான், மற்ற எல்லோரும் விதிப்படி நடக்கட்டும் என்றார்கள். அந்தச் சமயத்தில் முன்னால் இருந்தவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இந்தப் பெரியவர்கள் முறை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1968இல் ஜனநாயகக் கட்சியில் ஹ்யூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியில்கூட நிற்காமல் வேட்பாளரானார். பிரைமரிகளில் மோதிய மெக்கார்த்தியும் ராபர்ட் கென்னடியும் வாங்கிய ஓட்டுக்கு மதிப்பில்லை, கென்னடி ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார், சிகாகோ மாநாட்டுக்கு வெளியே தெருவில் போலீஸ் அடி. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் மெக்கவர்ன்–பிரேசர் குழு அமைத்து, பிரதிநிதிகளை மக்கள் பங்கேற்போடு தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். 1972இல் அதே மெக்கவர்ன் வேட்பாளர். அப்போதும் பிரைமரி ஓட்டு மொத்தத்தில் ஹம்ப்ரிதான் அவரைவிடக் கொஞ்சம் முன்னால்! முழுசும் ஜெயித்தவருக்கே என்ற விதியில் மெக்கவர்ன் வென்ற கலிபோர்னியாவின் 271 பிரதிநிதிகளை, ஓட்டெடுப்பு முடிந்த பிறகு, விகிதப்படி பிரிக்க வேண்டும் என்று ஹம்ப்ரி தரப்புக் கேட்டது. பிரதிநிதிகளின் தகுதியைப் பார்க்கும் கட்சிக் குழு 151 பேரைப் பறித்தது, மாநாடு திருப்பிக் கொடுத்தது. நவம்பரில் மெக்கவர்ன் 49 மாநிலங்களில் தோற்றார். அந்தத் தோல்வி, அப்புறம் 1980இல் கார்ட்டரின் தோல்வி, இவற்றுக்குப் பிறகுதான் அனுபவஸ்தர்களுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று 1984 மாநாட்டிலிருந்து சூப்பர் டெலிகேட்டுகளைக் கொண்டுவந்தார்கள். 2018இல் அதையும் குறைத்தார்கள்: முடிவு முன்பே உறுதியாகிவிட்டால் ஒழிய, மாநாட்டின் முதல் சுற்றில் அவர்கள் ஓட்டுப் போட முடியாது. ஆக, பெரியவர்கள் கவிழ்த்துவிடுவார்கள் என்று உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தி பயமுறுத்துவது பழைய விதிக்கு.

பெரியவர்கள் நிஜமாகவே பறித்த கதை வேண்டுமானால் 1912க்குப் போங்கள். குடியரசுக் கட்சியில் தியோடர் ரூஸ்வெல்ட் பெரும்பாலான பிரைமரிகளை ஜெயித்தார், மாநாடு டாஃப்டுக்குக் கொடுத்தது, ரூஸ்வெல்ட் தனிக் கட்சி கண்டு நின்றார், இருவரும் தோற்று வில்சன் அதிபரானார். 1952இல் ஜனநாயகக் கட்சியில் கீஃபாவர் பிரைமரிகளில் ஜெயித்துக்கொண்டே போனார், மாநாடு ஸ்டீவன்சனை எடுத்தது. நம் நாட்டிலும் உண்டு. 1939இல் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் பிரதிநிதிகள் சுபாஷ் சந்திர போஸுக்கு 1,580 ஓட்டும் பட்டாபி சீதாராமையாவுக்கு 1,377 ஓட்டும் போட்டார்கள். காந்தி விரும்பியவர் பட்டாபி. ஜெயித்த போஸ் செயற்குழுகூட அமைக்க முடியாமல் ஏப்ரலில் விலகினார். பசும்பொன் தேவர் போஸோடு நின்றவர் என்பதால் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களான எங்களுக்கு இது வீட்டுக் கதை. ஒபாமாவை வேட்பாளராக்கிய 2008 டென்வர் மாநாட்டையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். டென்வரில் ஒபாமாவை ஏகமனதாக அறிவிக்கலாம் என்று எழுந்து முன்மொழிந்தவர் ஹிலாரியேதான்.

பிரதிநிதி என்பவர் எதற்கு, ஓட்டு எண்ணிக்கையை அப்படியே கம்ப்யூட்டரில் போட்டுப் பங்கு பிரித்தால் ஆயிற்றே என்று கேட்பவர்களும் உண்டு. 2024ஐப் பாருங்கள். பைடன் பிரைமரிகளில் கோடிக்கு மேல் ஓட்டு வாங்கி, பிரதிநிதிகளையும் கிட்டத்தட்ட முழுசாகக் கையில் வைத்திருந்தார். ஜூலை 21ஆம் தேதி விலகிவிட்டார். போட்ட ஓட்டில் இதற்குப் பதில் இல்லை. பிரதிநிதிகள் மனிதர்களாக இருந்ததால்தான் இரண்டு வாரத்தில் இணையவழியில் ஓட்டுப் போட்டுக் கமலா ஹாரிஸைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அதற்கு இடம் கொடுத்த விதிக்கும் ஒரு சண்டைதான் காரணம். 1980இல் எட்வர்ட் கென்னடி பிரதிநிதிகளைக் கட்டிப்போடாதீர்கள், மனசாட்சிப்படி போடட்டும் என்று கேட்டார், கார்ட்டர் தரப்பு அதைத் தோற்கடித்தது. அதன் பிறகு விதியைத் தளர்த்தி, தங்களை அனுப்பியவர்களின் விருப்பத்தை நல்ல மனசாட்சியோடு பிரதிபலிக்க வேண்டும் என்று மாற்றினார்கள். கமலாவின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காக அர்ச்சனை செய்தபோது இந்த விதிக்கும் சேர்த்து ஒரு தேங்காய் உடைத்திருக்கலாம். ஆனால் அந்த வருஷ பிரைமரியில் கமலா அதிபர் வேட்பாளராக நிற்கவில்லை என்பதும் உண்மை, அதைக் குறையாகச் சொல்கிறவர்களை நான் மறுக்க மாட்டேன்.

நம் கட்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் கட்டுரை ‘நம் நாட்டு முறையே மேல்’ என்ற தொனியில் முடிகிறது. நம் குடியரசுத் தலைவர் தேர்தலிலேயே ஆளுக்கு ஒரு மதிப்பு. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்கு 176, உத்தரப்பிரதேச எம்.எல்.ஏ.வுக்கு 208, சிக்கிமுக்கு 7, எல்லாம் 1971 மக்கள்தொகைக் கணக்குப்படி. அதில் யாரும் தலையை எண்ணிக் கூட்டிக் காட்டுவதில்லை. கட்சிக்குள் என்றால், 2022இல் காங்கிரஸ் தலைவர் பதவிக்குப் போட்டி நடந்தது, கார்கேவுக்கு 7,897, சசி தரூருக்கு 1,072. போட்டி என்று ஒன்று நடந்ததே செய்தியாக இருந்தது. காரைக்குடியில் எந்தக் கட்சிக்கு யார் வேட்பாளர் என்பது சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ பட்டியல் வந்த பிறகுதான் காரைக்குடிக் கட்சிக்காரர்களுக்கே தெரியும். அறுபது வயசுத் தொண்டரும் நேற்றுச் சேர்ந்த பையனும் ஒரே நேரத்தில் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். ஐடஹோவில் அந்த 21 ஆயிரம் பேரையாவது கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்கு அமெரிக்க முறை மேல் மயக்கம் ஒன்றும் இல்லை. நாம் மேல் என்று சொல்ல நம்மிடம் ஒப்பிடுவதற்கே ஒன்றுமில்லை என்கிறேன்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரையோடு போட்ட ஓட்டு அட்டவணையைத் திருத்தித் திரும்பப் போடுங்கள். ‘மொத்த ஓட்டு’ என்று ஒரே பத்தி வேண்டாம். எந்த மாநிலத்தில் பிரைமரி, எதில் காக்கஸ், எங்கே எண்ணிக்கை மதிப்பீடு, எங்கே ஒருவர் பெயரே சீட்டில் இல்லை என்று நாலு பத்தியாகப் பிரித்தால் வாசகர்களே முடிவு செய்துகொள்வார்கள். அடுத்த அதிபர் தேர்தலுக்கான போட்டி வரும்போதும் இதையே செய்யுங்கள். 2020 அயோவாவில் ஓட்டு எண்ணிக்கையில் சாண்டர்ஸ் முன்னால், பிரதிநிதிகளில் பூட்டிஜெஜ் 14, சாண்டர்ஸ் 12, எதைத் தலைப்பில் போடுவது என்று அவர்கள் நாட்டுப் பத்திரிகைகளே திணறின. 2024இல் நியூ ஹாம்ப்ஷயர் கட்சி சொன்ன தேதியை மீறி ஜனவரி 23ஆம் தேதியே ஓட்டெடுப்பு வைத்தது, பைடன் பெயர் சீட்டில் இல்லை, மக்களே கையால் எழுதிப்போட்டு அவரை ஜெயிக்க வைத்தார்கள். இந்த மாதிரி ஒரு மாநிலம் அடுத்த முறையும் கிளம்பும். அப்போது அந்த மாநிலத்து ஓட்டைக் கூட்டலில் சேர்ப்பீர்களா மாட்டீர்களா என்பதை, யார் முன்னால் இருக்கிறார் என்று தெரிவதற்கு முன்பே உங்கள் பத்திரிகையில் அறிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
செக்காலை, காரைக்குடி